நல்லது நடந்தது, ஏன்?

மீட்டிங்கில் மேனேஜர் முகம் சுளித்தது ராத்திரி வரைக்கும் உறுத்தும். அதே நாளில் முடித்துக்கொடுத்த நாலு வேலை நினைவுக்கே வராது. சோர்ந்த மனசின் இந்தப் பழக்கத்தை மாற்ற எளிய பயிற்சி ஒன்று உண்டு.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் சக ஆய்வாளர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தது அது. ஒரு வாரம், தினமும் இரவில், அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். அப்படிச் செய்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. ஆறு மாதம் கழித்தும் அந்த மாற்றம் இருந்தது. வாரம் முடிந்தும் விடாமல் எழுதியவர்களுக்குப் பலன் கூடுதல்.

பலரும் அந்த ‘ஏன்’ பகுதியை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் உயிரே அதில்தான் இருக்கிறது. “கிளையன்ட் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பவில்லை” என்பதோடு நிறுத்தாதீர்கள். “அனுப்பும் முன் அக்கவுன்ட்ஸ் அக்காவோடு உட்கார்ந்து எண்களைச் சரிபார்த்தேன்” என்றும் எழுதுங்கள். தப்பு நடந்தால் என்னால், நல்லது நடந்தால் அதிர்ஷ்டத்தால் என்றே சோர்ந்த மனசு கணக்கெழுதும். காரணத்தைத் தேடி எழுதும்போதுதான் நல்லதிலும் உங்கள் உழைப்பு, பக்கத்தில் நின்றவரின் உதவி இரண்டும் கண்ணில் படும். மூன்று கிடைக்காத நாளில் ஒன்று போதும்.

இன்னொரு பயிற்சியும் உண்டு: உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியருக்கு நன்றிக் கடிதம் எழுதி, நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள். அதே ஆய்வில் உடனடியாக அதிக மகிழ்ச்சி தந்தது இதுதான். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் அது நிலைக்கவில்லை. அதனால் மூன்று நல்லதை எழுதும் நோட்டும் கூடவே ஓடட்டும்.

நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை: ஓவர்டைமையும் குறைந்த சம்பளத்தையும் இந்த நோட்டால் ஈடுகட்ட முடியாது. ஊழியரை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலையில் நாட்டம் எல்லாம் கெட்டுக் கிடந்தால் நோட்டோடு நிற்காமல் டாக்டரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள், மனசு தெளிந்ததுபோலத் தோன்றினாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.