ஆங்கிலம் கற்போம்: 'வில்' என்றால் வாக்கு, 'வுட்' என்றால்?



ஒரு மீனவர் சங்கத்துக்கு இரண்டு ஆங்கிலக் கடிதங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 'வீ வில் ஹெல்ப் யூ இஃப் வீ கெட் த ஃபண்ட்ஸ்' என்றிருக்கிறது. மற்றதில் 'வீ வுட் ஹெல்ப் யூ இஃப் வீ ஹேட் த ஃபண்ட்ஸ்' என்றிருக்கிறது. சங்கத்தில் ஓரளவு ஆங்கிலம் படித்த தம்பி இரண்டுக்கும் ஒரே கருத்தைச் சொல்கிறார்: "பணம் இருந்தால் உதவி செய்வார்களாம்." சங்கத்தார் இரண்டு இடத்திலிருந்தும் வலை வரும் என்று காத்திருக்கிறார்கள்.

ஆனால் இரண்டாவது கடிதம் மறுப்புக் கடிதம். 'உதவ மனமுண்டு, பணம் இல்லை' என்பதே அதன் கருத்து.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. எனினும் திருகோணமலையில் துறைமுக வேலைக்கும் நிலாவெளி விடுதி வேலைக்கும் தொண்டு நிறுவனங்களோடு பேசுவதற்கும் ஆங்கிலம் தேவைப்படுகிறது. ஆகவே இம்முறை 'இஃப்' என்ற நிபந்தனைச் சொல்லையும், அதனோடு வரும் துணைவினைகளையும் படிப்போம்.

1. நடக்கக்கூடியது

'இஃப் த வின்ட் ரைசஸ், த போட்ஸ் வில் நொட் கோ.' காற்று எழும்பினால் வள்ளங்கள் போகமாட்டா.

நாளைய காற்றைப் பற்றிப் பேசுகிறோமே என்று நம்மில் பலர் 'இஃப் த வின்ட் வில் ரைஸ்' என்று எழுதிவிடுகிறோம். இது பிழை. 'இஃப்' பகுதியில் நிகழ்கால வினை. விளைவைச் சொல்லும் பகுதியில்தான் 'வில்'. நமது 'எழும்பினால்' என்ற சொல்லைப் பாருங்கள். அதிலும் எதிர்காலம் இல்லை. 'எழும்பின' என்ற இறந்தகால வடிவத்தோடுதான் 'ஆல்' சேர்கிறது. 'எழும்புமானால்' என்று எழுத்துத் தமிழில் நினைக்கும்போதே 'வில்' இடம் மாறி நுழைகிறது.

2. ஒரே நிபந்தனை, பல விளைவு

'நீங்கள் அடையாள அட்டையைக் கொண்டுவந்தால்' என்பதே நிபந்தனை என்க. அதிகாரி கையெழுத்திடுவதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று பாருங்கள்.

'ஹீ வில் சைன்' – கையெழுத்திடுவார், உறுதி.
'ஹீ கேன் சைன்' – கையெழுத்திட முடியும். தடை நீங்கியது, ஆனால் உறுதி இல்லை.
'ஹீ மே சைன்' – கையெழுத்திடக்கூடும்.
'ஹீ மைட் சைன்' – ஒருவேளை கையெழுத்திடலாம், நம்பிக்கை குறைவு.
'ஹீ மஸ்ட் சைன்' – கையெழுத்திட்டே ஆகவேண்டும், கடமை.

விதிமுறைகளில் 'மே' வந்தால் செய்வதும் விடுவதும் அதிகாரியின் விருப்பம். 'ஷால்' அல்லது 'மஸ்ட்' வந்தால் அது அவர் கடமை. கேட்கப் போகுமுன் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போவது நல்லது.

3. இப்போது இல்லாதது

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் படகுப் பாதையில் கடந்தோம். இன்று நாம் இப்படிச் சொல்லலாம்: 'இஃப் தெயர் வெர் நோ பிரிட்ஜ், வீ வுட் கோ பை ஃபெரி.' பாலம் இல்லாவிட்டால் படகுப் பாதையில் போவோம். பாலம் இருக்கிறது, ஆகவே இது கற்பனை.

இங்கே 'வெர்' இறந்தகால வடிவம். ஆனால் காலம் இன்றைய காலமே. தமிழ் 'ஆல்' சேர்க்கும்போதெல்லாம் இறந்தகால வடிவத்தை எடுக்கிறது. ஆங்கிலம், உண்மையில் இல்லாததையும் நடக்காது என்று கருதுவதையும் சொல்லும்போது மட்டும் எடுக்கிறது. 'இஃப்' பகுதியில் 'ஹேட்', 'வெர்' வந்து, விளைவில் 'வுட்', 'குட்', 'மைட்' வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே வாக்குறுதி இல்லை.

4. நடந்து முடிந்தது

2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை நமது கரைக்கு வந்தது. இந்து சமுத்திரத்துக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை.

'இஃப் தெயர் ஹேட் பீன் எ வோர்னிங், மெனி குட் ஹவ் எஸ்கேப்ட்.' எச்சரிக்கை இருந்திருந்தால் பலர் தப்பியிருக்க முடியும். 'குட் ஹவ்' வாய்ப்பைச் சொல்கிறது. 'வுட் ஹவ்' என்றால் நிச்சயம் தப்பியிருப்பார்கள். 'மைட் ஹவ்' என்றால் தப்பியிருக்கவும் கூடும்.

பிள்ளையை இழந்த ஒரு தாயிடம், "நீ இன்னது செய்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும்" என்று 'வுட் ஹவ்' போட்டுச் சொல்வது தீர்ப்புச் சொல்வதாகும். நமக்குத் தெரியாத இடத்தில் 'மைட்' என்பதே உண்மையும் இரக்கமும் ஆகும்.

யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தில், இயேசு அங்கு இருந்திருந்தால் தன் சகோதரன் இலாசர் இறந்திருக்கமாட்டான் என்று மார்த்தா முறையிடுகிறாள். இன்றைய ஆங்கில வேதாகமங்கள் பலவற்றில் இங்கே 'வுட் நொட் ஹவ்' என்றே வருகிறது. அவள் 'மைட்' என்று ஐயப்படவில்லை. அவளது துயரத்துக்குள்ளே விசுவாசமும் இருந்தது.

5. மரியாதைக்கு

ஓர் அலுவலகத்துக்கு எழுதும்போது 'ஐ வுட் பீ கிரேட்ஃபுல் இஃப் யூ குட் சென்ட் த ஃபோம்' என்று எழுதலாம். படிவத்தை அனுப்பினால் நன்றியுடையவனாவேன். இங்கே 'வுட்', 'குட்' இரண்டும் பணிவைக் காட்டுகின்றன; மறுப்பு அல்ல.

பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புக:
1. இஃப் இட் ரெயின்ஸ் டுமோரோ, வீ –– ஸ்டே அட் ஹோம். (உறுதி)
2. இஃப் ஐ ஹேட் எ போட், ஐ –– கோ டு மூதூர். (வள்ளம் இல்லை)
3. இஃப் ஹீ ஹேட் கம், ஹீ –– ஹவ் ஹெல்ப்ட் அஸ். (ஒருவேளை)

விடைகள்: 1. வில் 2. வுட் 3. மைட்

மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் இதைச் சேர்ந்திருந்து படியுங்கள். அடுத்த ஆங்கிலக் கடிதம் வரும்போது 'இஃப்' இருக்கும் இடத்தில் ஒரு கோடிடுங்கள். பிறகு 'வில்'லா 'வுட்'டா என்று பாருங்கள். காத்திருப்பதா, வேறு கதவைத் தட்டுவதா என்பது அதில் தெரிந்துவிடும்.