கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவர்

கட்டுரைப் போட்டி என்றால் நாம் என்ன செய்கிறோம்? நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடி எடுக்கிறோம், வேண்டியதை எழுதுகிறோம், பரிசு கிடைத்தால் மேடையேறி வாங்கிக்கிட்டு, அதோடு அந்தத் தலைப்பையே மறந்துவிடுகிறோம். (நானும்தான்!) அப்படி மறக்க முடியாமல் போன ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் தாமஸ் கிளார்க்சன்.

1760ல் இங்கிலாந்தில் விஸ்பெக் என்ற ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1785ல் ஓர் இலத்தீன் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். மனிதர்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது நியாயமா என்பது தலைப்பு. அவருக்கு அந்த வியாபாரத்தைப் பற்றி அதிகம் தெரியாது. பரிசு வாங்கணும், அவ்வளவுதான் நினைப்பு. ஆனால் படிக்கப் படிக்கத் தூக்கம் போய்விட்டது. நடுராத்திரியில் ஏதாவது தோன்றினால் எழுந்து எழுத வேண்டுமே என்று மெழுகுவர்த்தியை அணைக்காமலே படுப்பாராம்.

முதல் பரிசு அவருக்குத்தான். பிறகு குதிரையில் லண்டனுக்குப் போகும்போது, வேட்ஸ்மில் என்ற ஊருக்குப் பக்கத்தில் மனசு கேட்காமல் இறங்கி, சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். நாம் எழுதியதெல்லாம் உண்மை என்றால், யாராவது ஒருத்தர் இதற்கு முடிவு கட்ட வேண்டாமா என்று யோசித்தார். அந்த 'யாராவது' தானாகவே இருக்க வேண்டும் என்று அவருக்குப் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை.

1787ல் பன்னிரண்டு பேர் சேர்ந்து லண்டனில் ஒரு குழு அமைத்தார்கள். சாட்சி திரட்டுவது கிளார்க்சன் வேலை. ஏழு வருஷத்தில் சுமார் 35,000 மைல் பயணம் செய்தார், பெரும்பாலும் குதிரையில். லிவர்பூலில் ஒரு கடையில் கைவிலங்கும் கால்விலங்கும் விற்பனைக்கு இருந்தன. சாப்பிட மறுக்கும் அடிமையின் வாயைப் பலவந்தமாகத் திறக்க ஒரு கருவியும் இருந்தது. அதையெல்லாம் காசு கொடுத்து வாங்கி, கூட்டங்களில் எடுத்துக் காட்டினார். அதே ஊர்த் துறைமுகத்தில் எட்டொன்பது பேர் அவரைச் சூழ்ந்து கடலில் தள்ளப் பார்த்தார்கள். ஆள் நல்ல உயரம், இடித்துக்கொண்டு வெளியே வந்து தப்பித்தார்.

'புரூக்ஸ்' என்ற கப்பலின் படத்தையும் குழு அச்சிட்டது. அதில் ஓர் ஆணுக்கு ஒதுக்கிய இடம் 6 அடி நீளம், 16 அங்குல அகலம். உங்கள் ஸ்கேலைத் தரையில் வைத்து அளந்து பாருங்கள். ஒரு ஸ்கேலும் இன்னும் நாலு அங்குலமும்தான்! 1788ல் வந்த சட்டப்படி அந்தக் கப்பலில் 454 பேரை ஏற்றலாம். அதற்கு முன்னால் ஒரு பயணத்தில் 609 பேரை அடைத்திருந்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு சம்பவம். ஆப்பிரிக்காவில் ஆட்களை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று நேரில் பார்த்த ஒரு மாலுமி இருப்பதாகக் கேள்விப்பட்டார். பெயர் தெரியாது, ஊரும் தெரியாது. துறைமுகம் துறைமுகமாகப் போய், நூற்றுக்கணக்கான கப்பல்களில் ஏறித் தேடினார். கடைசியில் பிளிமத்தில் ஆள் கிடைத்தார்! ஐசக் பார்க்கர் என்பது அவர் பெயர். இரவில் படகுகளில் போய்க் கிராமத்துக்குள் புகுந்து ஆட்களைப் பிடித்ததை அவர் சாட்சி சொன்னார்.

நாடாளுமன்றத்தில் பேசியவர் வில்பர்ஃபோர்ஸ். எல்லாருக்கும் தெரிந்த பெயரும் அதுதான். அவர் கையில் இருந்த ஆதாரங்களில் பெரும்பகுதி கிளார்க்சன் அலைந்து கொண்டுவந்தது. அலைச்சலில் உடம்பு கெட்டு 1794ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விவசாயம் பார்க்கப் போனார். தோற்றுவிட்டார் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். 1804ல் திரும்பவும் குதிரை ஏறினார். 1807ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது.

ஆனால் ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்கள் அப்படியேதான் இருந்தார்கள். அவர்களை விடுவிக்கும் சட்டம் 1833ல்தான் வந்தது. அதிலும் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு முதலாளிகளுக்கு! உழைத்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது. அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நம் நாட்டுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று விலக்கி வைத்தார்கள். இந்தியாவுக்கான சட்டம் 1843ல்தான் வந்தது.

1840ல் லண்டனில் நடந்த உலக அடிமை ஒழிப்பு மாநாட்டில், எண்பது வயதில் வந்து பேசினார் கிளார்க்சன். 1846ல் காலமானார். வேட்ஸ்மில் சாலையோரத்தில் அவர் இறங்கி உட்கார்ந்த இடத்தின் நினைவாக 1879ல் ஒரு கல்தூண் வைத்தார்கள்.