பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடி ஏஜென்ட்டைக் கவனி

தங்கச்சி, இன்ஷூரன்ஸ் எடுக்கப் போறேன்னு சொன்னதும் எல்லாரும் "எந்த கம்பெனி?"ன்னுதான் கேப்பாங்க. நான் "ஏஜென்ட் யாரு?"ன்னு கேப்பேன். நல்ல ஏஜென்ட் வந்து உட்கார்ந்ததும் பிளானை எடுத்து நீட்ட மாட்டார். சம்பளம் எவ்வளவு, வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவு, உன் வருமானத்தை நம்பி யார் யார் இருக்காங்க, ஏற்கெனவே என்ன பாலிசி ஓடுது, இந்தப் பிரீமியத்தை எத்தனை வருஷம் விடாம கட்ட முடியும்... இதையெல்லாம் கேட்டு எழுதிக்கிட்ட பிறகுதான் தொகையைப் பத்தியே பேசுவார். மார்ச் மாசக் கடைசியில வந்து "வரி மிச்சம், இன்னிக்கே கையெழுத்து போடுங்க"ன்னு அவசரப்படுத்தினா, ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லு.

ரொம்ப முக்கியமானது விண்ணப்பப் படிவம். இப்ப எல்லாம் டேப்லெட்லயே நிரப்பிட்டு, "ஓடிபி மட்டும் சொல்லுங்க மேடம்"ங்கறாங்க. அந்த ஓடிபிதான் உன் கையெழுத்து. கொடுக்கறதுக்கு முன்னாடி உடல்நலம் பத்தின பக்கத்தை வரி வரியா படி. சுகர், பிரஷர், தைராய்டு, பழைய ஆபரேஷன் எல்லாத்துக்கும் "இல்லை"ன்னு டிக் ஆகியிருந்தா, மாத்தச் சொல்லு. "எழுதினா பிரீமியம் ஏறும், விட்டுடுங்க"ன்னு சொல்றவர் உனக்கு நல்லது செய்யலை. மருத்துவ பாலிசியில சொல்லி எடுத்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான். மறைச்சு எடுத்தா, 5 வருஷம் வரைக்கும் அதையே காரணம் காட்டி க்ளெய்மை மறுக்கலாம். ஆஸ்பத்திரி பில் கையில இருக்கும்போது ஏஜென்ட் வாயால சொன்னது எதுவும் செல்லாது. படிவத்துல இருக்கறதுதான் பேசும்.

அடுத்து ரூம் வாடகை. இதை நீ கேக்காமலே விளக்கறவர் கிடைச்சா விடாதே. பாலிசியில ஒரு நாள் வாடகை 5,000 ரூபாய்னு வரம்பு இருக்கு, நீ 10,000 ரூபாய் ரூம்ல தங்கினேன்னு வை. வாடகையில மட்டும் பாதி போகும்னு நினைக்காதே. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம்னு ரூமைப் பொறுத்து ஏறுற செலவுகளையும் அதே விகிதத்துல பாதியா வெட்டுவாங்க. மருந்துச் செலவுக்கு இந்த வெட்டு கிடையாது. வாடகை வரம்பு இல்லாத பாலிசிக்குக் கொஞ்சம் கூடக் கட்டினாலும் பரவாயில்லைங்கறது என் கட்சி.

"முதல் பிரீமியத்துல என் கமிஷனைத் திருப்பித் தர்றேன்"னு யாராவது சொன்னா ஆசைப்படாதே. இன்ஷூரன்ஸ் சட்டம் 41-ஆவது பிரிவுப்படி கொடுக்கறதும் தப்பு, வாங்கறதும் தப்பு. 10 லட்ச ரூபாய் வரைக்கும் அபராதம் இருக்கு.

பாலிசி கைக்கு வந்ததும் பீரோவுல வைக்காதே. பெயர், பிறந்த தேதி, நாமினி, எத்தனை வருஷம் கட்டணும்னு பாரு. ஒரு தடவை கட்டினா போதும்னு சொல்லி வித்தது, பத்து வருஷம் கட்டற பாலிசியா இருக்கும்; அப்படி நிறைய நடக்குது. பிடிக்கலைன்னா 30 நாளுக்குள்ள எழுதிக் கொடுத்துத் திருப்பலாம். முத்திரைச் செலவு, மருத்துவப் பரிசோதனை மாதிரி சின்னச் செலவுகளைக் கழிச்சிட்டு மீதிப் பணம் வந்துடும்.

க்ளெய்ம் நேரத்துல ஏஜென்ட் போனையே எடுக்கலைன்னா, அவருக்காகக் காத்திருக்காதே. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல புகார் கொடு, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்துலயும் பதியலாம். கம்பெனி மறுத்தாலோ, 30 நாள்ல பதில் வராட்டாலோ, ஒரு வருஷத்துக்குள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையிலயே இருக்கு. 50 லட்ச ரூபாய் வரைக்கும் விசாரிப்பாங்க. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.