மணியில் பொறித்த பெயர்

1836 வாக்கில் நியூஸிலாந்தில் மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு அவித்து வந்ததை வில்லியம் கொலென்ஸோ என்ற மிஷனரி கண்டார். அது பாத்திரமன்று, வாய் உடைந்த கப்பல் மணி! முகையதீன் வக்குசுவுடைய கப்பலின் மணி என்று அதில் தமிழில் பொறித்திருந்தது. இன்று அது வெலிங்டன் நகரின் தே பாப்பா அரும்பொருட் காட்சிச்சாலையில் இருக்கின்றது. அங்கு எவ்வாறு சென்றது என்பதை அறிந்தவரில்லை. ஆயினும் நம்மவர் கப்பலுடையது என்பதில் ஐயமில்லை. காரணம், அந்த எழுத்தன்றோ!

சகோதரர்களே! ஸ்ரீ கெம்பாங்கானிலும் கிள்ளானிலும் நம் கடைகளில் பழைய பேரேடுகளும் புகைப்படங்களும் கிடக்கின்றன. பெயர் தெரியாத படம் பேரப்பிள்ளைகளுக்கு வெறுங்காகிதமே. ஆகவே, பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டறிந்து, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வைப்போமாக!