சமரசருக்குப் பேச்சு வரவேண்டுமா?

அன்புள்ள கயல்,

"எனக்கு மேடைப் பேச்சு வராது. தொடர்பியல் படித்துவிட்டுச் சமரசர் ஆக முடியுமா?" என்று கேட்டிருந்தாய். தொடர்பியல் என்றாலே வாய்ச்சாலகம் என்று உங்களுக்கெல்லாம் யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ! 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டப்படி, தீர்வைத் திணிக்கும் அதிகாரமே சமரசருக்குக் கிடையாது. அவர் யாரை மேடையேறி வெல்லப்போகிறார்?

கேம்ப் டேவிட் சமாதானப் பேச்சைப் பற்றிப் படி. 1978 செப்டம்பரில் எகிப்தின் சதாத்தும் இஸ்ரேலின் பெகினும் அங்கே 13 நாள் தங்கினார்கள். நேருக்கு நேர் பேசிய முதல் சில நாளில் கசப்புதான் மிஞ்சியது. பிறகு அமெரிக்க அதிபர் கார்ட்டர் இருவரையும் தனித்தனியே சந்தித்தார். அவருடைய குழு ஒரே வரைவை எழுதியது. எந்த இடம் இடிக்கிறது என்று இரு தரப்பிடமும் கேட்பது, திருத்துவது, மறுபடி எடுத்துப்போவது. இப்படி இருபதுக்கு மேற்பட்ட வரைவுகள்.

பெகினின் பேரக்குழந்தைகளுக்கென்று, ஒவ்வொருவர் பெயரும் எழுதிக் கார்ட்டர் கையெழுத்திட்ட படங்களைப் பார்த்துப் பெகின் கண்கலங்கியதை எல்லாரும் உருகிச் சொல்வார்கள். படங்கள்தான் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தன என்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். வேலை செய்தது வரைவு. எதிராளி எழுதிய வாக்கியம் என்றால் உள்ளே என்ன சூழ்ச்சி என்று தேடுவோம். மூன்றாமவர் எழுதியது என்றால் திருத்தக் கை நீளும். சொல்பவர் மாறினால் கேட்கும் பொருளும் மாறும். இதைத்தானே வகுப்பில் படிக்கிறாய்? ஃபிஷரும் யூரியும் 1981-இல் எழுதிய 'கெட்டிங் டு எஸ்' நூலில் இந்த முறைக்கு விளக்கம் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பக்கங்கள் அவை.

நம் ஊர்ச் சொத்துத் தகராறுக்கு வா. தம்பி சொத்தை விற்றுவிட்டான். "என்னை ஒரு வார்த்தை கேட்டானா?" என்று அண்ணன் குமுறுகிறார். வக்கீல் பத்திரத்தைப் புரட்டுவார். சமரசர், "விற்றதைவிட, கேட்காமல் விற்றதுதான் உங்களுக்கு வலி. சரிதானா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தில்தான் தம்பி முதன்முறையாக அண்ணன் சொல்வதைக் கேட்பான். கேட்டதைப் பழி நீக்கித் திருப்பிச் சொல்வது பழகிப் பழகி வரவேண்டிய வித்தை. உன் படிப்பு அதற்கு மூன்று வருடம் தருகிறது.

ஆனால் அது மட்டும் போதாது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. நீதிமன்ற மையங்களில் சமரசராக 40 மணி நேரப் பயிற்சியும், தொழிலில் பல்லாண்டு அனுபவமும் எதிர்பார்க்கிறார்கள். அதுவரை நிறுவனங்களின் மனிதவளப் பிரிவிலோ குறைதீர்ப்புப் பணியிலோ கை பழகு. வழக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்பது பற்றிய, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவை இந்த வாரமே படித்துவிட்டு, புரியாததை எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்