செல்ஃப் மோட்டாரைத் தூக்கிப் போடாதீர்கள்

ஹைதராபாத் பகதூர்புராவில் சுதா கார் அருங்காட்சியகம் இருக்கிறது. கிரிக்கெட் பந்து, கேமரா, பர்கர் என்று எல்லா வடிவத்திலும் ஓடுகிற கார்கள். சுதாகர் யாதவ் இவற்றைப் பெரும்பாலும் காயலான் சாமான்களைக் கொண்டே கட்டினார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வாசலில் நிற்கும் பழைய மாருதி 800-இன் செல்ஃப் மோட்டாரை மீட்போம்.

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ சத்தம் மட்டும் வருகிறதா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுத் திருப்புங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பேட்டரியையும் டெர்மினலையும் கவனியுங்கள். மங்காவிட்டால் செல்ஃப் மீதுதான் சந்தேகம். அதன் உடம்பில் லேசாகத் தட்டியதும் வண்டி கிளம்பினால், அநேகமாக கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். முழு மோட்டாரையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு, அவசரப்படாதீர்கள்.

முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிளுக்கு ஃப்யூஸ் கிடையாது. ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். பிறகு வயர்களையும் போல்ட்டுகளையும் கழற்றி மோட்டாரை இறக்குங்கள். பிரிப்பதற்கு முன் மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே ஆணியால் ஒரு கோடு கீறி வைத்தால், திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது.

கேடிலாக் 1912-இல் மின்சார செல்ஃபைக் கொண்டுவந்த காலத்து ஏற்பாடுதான் இன்றும் உள்ளே இருக்கிறது: சுழலும் ஆர்மேச்சர், அதன் தலையில் செப்புக் கமுட்டேட்டர், அதை அழுத்தி நிற்கும் பிரஷ். கருத்துப்போன கமுட்டேட்டரை 400 நம்பர் உப்புத்தாளால் சுற்றித் தேயுங்கள். எமரித்தாள் வேண்டாம்; அதன் துகள் மின்சாரம் கடத்தும். செப்புப் பட்டைகளின் இடுக்கில் அடைந்த கரித்தூளை ஊசியால் சுரண்டி எடுங்கள். கருப்பு விலகிச் செம்பு பளிச்சென்று தெரியும்போது வருகிற சந்தோஷத்தைப் புது மோட்டார் வாங்கியவர் அறியமாட்டார்.

அடுத்து மல்டிமீட்டரை எடுங்கள். எந்தச் செப்புப் பட்டைக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் ஆர்மேச்சர் ஷார்ட். வைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஹைதராபாத்தில் என்றால் பிரஷ் செட்டை ராணிகஞ்ச் ஸ்பேர்ஸ் கடைகளில் தேடலாம். பழைய பிரஷ்ஷைக் கையோடு கொண்டுபோய் அளவு பொருத்தி வாங்குங்கள். அதன் செப்புப் பின்னல் தடிமனானது. 25 வாட் சால்டரிங் அயர்ன் எடுபடாது, 100 வாட் வேண்டும். புஷ்ஷுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். பினியன் கிளட்சைப் பெட்ரோலில் ஊறவைக்காதீர்கள், உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும்.

வண்டியில் ஏற்றும் முன் மோட்டாரை வைஸில் இறுக்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். காலால் மிதித்துக்கொண்டு சோதிக்க வேண்டாம், துள்ளும். பினியன் பாய்ந்து வந்து சீராகச் சுழன்றால் வேலை முடிந்தது. வைண்டிங் கருகிய மோட்டாரைக்கூட உடனே எடைக்குப் போடாதீர்கள். அந்த மோட்டாரின் மூடி, சோலனாய்டு, பினியன் மூன்றும் இன்னொரு 800-க்கு உதவும்.