கூலியும் தருமமும்



முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். ஆயினும் நம் ஆலயத்தில் ஒரு சிறு கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டேன். பிறரும் அதே தவற்றைச் செய்யாதிருக்க அதனை இங்கு எழுதுகிறேன்.

கற்றல் குறைபாடு உள்ள இளைஞர் ஒருவர் நம் மடப்பள்ளியில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்து வந்தார். வாரத்தில் ஆறு நாள், காலை ஏழு மணிக்கு வருவார். காய்கறி நறுக்குவார், அண்டாக்களைத் தேய்ப்பார், வாழையிலைகளைத் துடைத்து அடுக்குவார். பதினொரு மணிக்கு வீடு திரும்புவார். மாத முடிவில் 150 வெள்ளியை உறையிலிட்டு அவருடைய தாயாரிடம் கொடுப்பேன். நல்ல காரியம் செய்கிறோம் என்றே எண்ணியிருந்தேன்.

2025ஆம் ஆண்டின் இறுதியில் அந்த அம்மா ஒரு பாரத்துடன் வந்தார்.

"வாத்தியார் ஐயா, தம்பிக்கு பேங்கில் கணக்குத் திறக்கப் போனோம். மாத வருமானம் கேட்கிறார்கள். நீங்கள் கொடுப்பதைச் சம்பளம் என்று எழுதவா, தருமம் என்று எழுதவா?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு கணக்குப் போட்டேன்.

நாளுக்கு 4 மணி நேரம், மாதம் 26 நாள். ஆக 104 மணி நேரம். 150 வெள்ளியை வகுத்தால் மணிக்கு 1 வெள்ளி 44 காசு. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 2025 ஆகஸ்ட் 1 முதல் இது சிறு முதலாளிகளுக்கும் பொருந்தும். மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 காசு. அப்படியானால் அவருக்குச் சேர வேண்டியது 849 வெள்ளி 68 காசு.

சட்டமும் இதையே சொல்கிறது. 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம், சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையும் 27ஆம் பிரிவில் அவ்வாறே கூறுகிறது.

நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு மறுப்புகள் எழுந்தன.

ஒன்று, "அவர் மெதுவாகச் செய்கிறாரே." காய் நறுக்குவதில் மெதுவானவர்தாம். இலை அடுக்குவதிலோ பாத்திரம் துலக்குவதிலோ அவருக்கு இணையாக நம்மிடம் யாருமில்லை. ஏற்ற வேலையைக் கொடுக்காதது நம் குறை.

மற்றொன்று, "ஆலயப் பணி தொண்டல்லவா?" தொண்டு செய்பவர் விரும்பிய நாளில் வருவார், விரும்பிய நேரத்தில் போவார். இவருக்கோ நாம் நேரம் குறித்தோம்; வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்டோம். அது வேலை. வேலைக்குக் கூலி உண்டு.

இப்போது அவருடைய பெயரிலேயே வங்கியில் சம்பளம் செலுத்துகிறோம். ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் உண்டு. பழைய பாக்கியையும் தவணை முறையில் கொடுத்து வருகிறோம்.

கடை, உணவகம், தொழிற்சாலை நடத்தும் நன்கொடையாளர்களே! உங்களிடமும் இப்படி ஒருவர் வேலை செய்யலாம். ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுத்த பிறகு கொடுப்பதே தருமம்.

முதற் சம்பளம் பெற்ற மறுநாள் அத்தம்பி அலுவலகத்திற்கு வந்து, அன்னதானத்திற்குப் பத்து வெள்ளி கொடுத்து ரசீது கேட்டார். அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். இம்மலரின் நன்கொடையாளர் பட்டியலில் அப்பெயரும் இருக்கிறது.